அப்பாவின் கோல்ஃப் பை: கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

உங்கள் விளையாட்டுப் பத்திகளைத் தொடர்ந்து படிப்பவள் நான். ஒரு வீட்டு விஷயம் கேட்க வேண்டும். சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு 63 வயது. வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் நண்பர் ஒருவர் அவரை நந்தனம் கோல்ஃப் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்குப் பிடித்த பித்து இன்னும் தெளியவில்லை. விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் சட்டை நனைந்து பத்து மணிக்குத்தான் வீடு திரும்புகிறார். சாப்பாட்டு மேஜையில்கூட அதே பேச்சுதான்.

அண்ணன் டல்லஸில் இருக்கிறான். டிசம்பர் கடைசியில் வருகிறான், பொங்கல் கழித்துத்தான் திரும்புவான். "அப்பாவுக்குப் புது மாடல் டிரைவர் வாங்கிட்டு வரேன், சர்ப்ரைஸ், சொல்லிடாதே" என்கிறான். ஏதோ கோல்ஃப் மட்டையாம், அறுநூறு டாலராம். அது அம்மா காதில் விழுந்துவிட்டது. "அந்தக் காசுக்குத் தங்கமா வாங்கிப் போட்டா ஆகாதா" என்று ஆரம்பித்திருக்கிறாள். நானும் பொங்கலுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். என்னால் முடிந்தது ஐயாயிரம். தேடிப் பார்த்தால் பந்து வடிவக் காபிக் கோப்பையும், கழிப்பறையில் உட்கார்ந்தபடி ஆடும் குட்டி கோல்ஃப் செட்டும்தான் வருகின்றன. எனக்கு இந்த ஆட்டத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. அண்ணன் வாங்குவது சரியா? நான் என்ன வாங்கலாம்?

வாசகி, வேளச்சேரி
(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள வேளச்சேரி வாசகிக்கு,

முதலில் அண்ணனைத் தடுத்துவிடுங்கள். டிரைவர் வேண்டாம்.

விலைக்காகச் சொல்லவில்லை. டிரைவர் என்பது பையிலேயே நீளமான மட்டை. முதல் அடிக்கு, பந்தைத் தூரமாக அனுப்புவதற்கு எடுப்பது. அதன் முகம் எத்தனை டிகிரி சாய்ந்திருக்க வேண்டும், தண்டு எவ்வளவு வளைய வேண்டும், எத்தனை அங்குலம் இருக்க வேண்டும் என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். முப்பது வயதுக்காரர் வீசும் வேகத்துக்கு விறைப்பான தண்டு ஒத்துவரும். அறுபதைத் தாண்டி ஆட வந்தவருக்குப் பெரும்பாலும் இளகிய தண்டும் கூடுதல் சாய்வும் இருந்தால்தான் பந்து தரையை விட்டு எழும்பும். இது எதுவும் தெரியாமல் அண்ணன் டல்லஸ் கடையில் போய் வாங்குவது, அளவு ஜாக்கெட் கொடுக்காமல் தையல்காரரிடம் துணியை நீட்டுகிற கதைதான். தவிர, ஓர் ஆட்டத்துக்குப் பையில் 14 மட்டைக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அப்பா பையில் ஏற்கெனவே 14 இருந்தால் புதியது உள்ளே போக ஒரு பழையது வெளியே வர வேண்டும். அது அவர் ஆசை ஆசையாகத் தேர்ந்தெடுத்ததாக இருக்கும். மகன் கொண்டுவந்ததை வைப்பதா, தனக்குக் கைவந்ததை வைப்பதா என்று பாவம் அவர் முழிப்பார். கடைசியில் மகனுக்காக அதை வைத்துக்கொண்டு மோசமாக ஆடுவார்.

இன்னொன்றும் உண்டு. மட்டை தேடுவது கோல்ஃப் பித்தர்களுக்கு ஆட்டத்தில் பாதி. வீடியோ பார்ப்பது, நண்பருடையதைக் கடன் வாங்கி நாலு அடி அடித்துப் பார்ப்பது, வேண்டாம் என்று சொல்லிவிட்டு மறுவாரம் மறுபடி போய் நிற்பது. அந்தச் சுகத்தை அவரிடமிருந்து பறிக்க வேண்டாமே. கோல்ஃப் ஆடுகிறவருக்குத் தீர்ந்துபோகும் பொருளைக் கொடுங்கள், தேய்ந்துபோகும் பொருளைக் கொடுங்கள். திரும்பத் திரும்ப வாங்க வேண்டியிருக்கும், வாங்கும்போதெல்லாம் "இன்னும் ஒரு வாரம் ஓட்டலாம்" என்று அவர் தள்ளிப் போடுவார். வங்கியில் இருந்தவர் என்கிறீர்கள், நிச்சயம் தள்ளிப் போடுவார்.

அதனால் கடைக்குப் போகும் முன் பையைத் திறந்து பாருங்கள். அவர் குளிக்கப் போகும் பத்து நிமிஷம் போதும். கையுறையில் என்ன அளவு போட்டிருக்கிறது, பந்தில் என்ன பெயர், டீ எவ்வளவு உயரம் (பந்தை ஏற்றி வைக்கும் ஆணியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்), மட்டைகளின் பிடி வழவழத்துக் கிடக்கிறதா. நாலைந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் கேட்கும் முக்கால்வாசிக் கேள்விக்கு அதிலேயே பதில் இருக்கும்.

சென்னைக்காரருக்கு முதல் பரிசு கையுறை என்பேன். வலது கைக்காரர்கள் இடது கையில் மட்டும் போடுவார்கள். மட்டையின் மேல்பக்கத்தைப் பிடிப்பது அந்தக் கைதான், நழுவாமல் இருக்க. புதிதாக வாங்கப் போகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். மட்டையில் 'லெஃப்ட் ஹேண்ட்' என்று போட்டிருந்தால் இடது கை ஆட்டக்காரருக்கானது என்று பொருள். கையுறையில் அப்படிப் போட்டிருந்தால் இடது கையில் மாட்டுவது, அதாவது வலது கை ஆட்டக்காரருக்கானது. அப்பா வலது கைக்காரர் என்றால் லெஃப்ட் என்று போட்டதையே கேட்டு வாங்குங்கள். அளவிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மீடியம், லார்ஜ் இரண்டுக்கும் நடுவில் மீடியம் லார்ஜ் என்று ஒன்று, உள்ளங்கை அகன்று விரல் குட்டையாக இருப்பவர்களுக்கு கேடட் என்று தனி அளவு. பழைய கையுறையின் மணிக்கட்டுப் பட்டையைப் புரட்டினால் எழுதியிருக்கும்.

நல்ல கையுறை கப்ரெட்டா தோலில் செய்தது. கம்பளி இல்லாத, முடி வளரும் செம்மறியின் தோல் அது. மெல்லியது, இழுபடும், விரலோடு ஒட்டிக்கொள்ளும். நம் ஊர் ஆடுகளும் அந்த ஜாதிதான். செங்கல்பட்டுப் பக்கத்து மெட்ராஸ் ரெட், சேலத்துப் பக்கத்து மேச்சேரி இரண்டுமே முடி ஆடுகள். மேச்சேரி ஆட்டுத் தோலுக்குத் தனி மவுசே உண்டு. குரோம் லெதர் தொழிற்சாலையால் குரோம்பேட்டை என்று பெயர் வாங்கிய ஊர்க்காரர்களுக்குத் தோலைப் பற்றி நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த மெல்லிய தோலுக்குச் சென்னை வியர்வை எமன். மூன்றாவது குழி தாண்டுவதற்குள் ஊறிவிடும். அப்படியே சுருட்டிப் பையில் போட்டு, பையை கார் டிக்கியில் வைத்து, வெயிலில் நிறுத்தினால் மறுநாள் அப்பளம்தான். அதனால் ஒன்றாக வாங்காதீர்கள். இரண்டு வாங்குங்கள், மாற்றி மாற்றிப் போடட்டும். ஒன்று தோல், இன்னொன்று செயற்கை இழையில் செய்த எல்லாப் பருவத்துக்குமானது. மழைக்கென்றே ஒரு வகை இருக்கிறது. இரண்டு கைக்கும் ஜோடியாக வரும், நனைய நனையப் பிடிப்பு கூடும். ஐப்பசி கார்த்திகையில் தூறலில் ஆடும் சென்னைக்காரருக்கு அதைவிட உபயோகமான பொருள் எனக்குத் தெரிந்து இல்லை. இங்கே கடையில் அகப்படவில்லை என்றால் அதை அண்ணன் தலையில் கட்டலாம்.

அடுத்தது பந்து. இதில் விலை உயர்ந்ததே சிறந்தது என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். தொழில்முறை ஆட்டக்காரர்கள் 2000-இல் டைட்லிஸ்ட் கம்பெனியின் ப்ரோ வி1 பந்து வந்ததுமே மளமளவென்று அந்த வகைக்கு மாறினார்கள். மேலே யூரித்தேன் என்ற மிருதுவான பிளாஸ்டிக் உறை, உள்ளே பல அடுக்கு. கிரீனில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) விழுந்ததும் சுழன்று நிற்பதற்காகச் செய்தது. அப்படிச் சுழற்றத் தெரிந்தவர் கைக்கு அது தங்கம். இரண்டு வருட ஆட்டக்காரர் கையில் அதே சுழற்சி பந்தைப் பக்கவாட்டில் வளைத்துப் புதருக்குள்ளோ தண்ணீருக்குள்ளோ அனுப்பும். ஒரு பெட்டியே உங்கள் ஐயாயிரத்தை ஏறக்குறைய விழுங்கிவிடும். பிறகு ஒவ்வொரு பந்து தொலையும்போதும் அப்பா முகம் வாடும். கெட்டியான உறை போட்ட இரண்டு அடுக்குப் பந்து போதும். நேராகப் போகும், உரசினாலும் தாங்கும், விலையும் பாதிக்குக் குறைவு. கண்புரை எட்டிப் பார்க்கும் வயது என்றால் ஆரஞ்சு அல்லது ரோஸ் நிறத்தில் வாங்குங்கள். கோடையில் காய்ந்த புல்லில் மஞ்சள் பந்து கண்ணுக்கே படாது. சம்பிரதாயவாதிகள் கலர் பந்தைப் பார்த்து மூக்கைச் சுளிப்பார்கள். அப்பா எந்தக் கட்சி என்று பையிலேயே தெரிந்துவிடும்.

பந்தோடு சேர்த்து நூறு இருநூறு ரூபாயில் ஒரு வேலை செய்யலாம். ஆடுகிறவர் தன் பந்தில் அடையாளக் குறி போட்டுக்கொள்ள வேண்டும் என்று விதிப் புத்தகமே சொல்கிறது. ஒரே கம்பெனிப் பந்தை நாலு பேர் ஆடும்போது எது யாருடையது என்று வழக்கு வரும். பெரும்பாலோர் புள்ளி வைப்பார்கள், கோடு போடுவார்கள். நீங்கள் அழியாத மை பேனா வாங்கி, ஒரு டஜன் பந்திலும் உங்கள் கையால் ஒரு 'ழ' போட்டுக் கொடுங்கள். இன்னொருத்தர் பந்தில் அது இருக்க வாய்ப்பே இல்லை. தொலைந்து அடுத்த வாரம் யார் கையில் கிடைத்தாலும் "வேளச்சேரி சார் பந்து" என்று திரும்பி வந்துவிடும்.

பையில் தொங்கவிடும் மைக்ரோஃபைபர் துண்டு, வியர்வையை வெளியேற்றும் ஸ்போர்ட்ஸ் சாக்ஸ் (பருத்தி வேண்டாம், ஈரத்தைப் பிடித்துக்கொண்டு கொப்புளம் கிளப்பும்), வெயிலுக்குக் கைக்கு மாட்டும் ஸ்லீவ், ஐஸ் கரையாத ஃபிளாஸ்க், இவையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். சன்ஸ்கிரீன் வாங்கினால் குச்சி வடிவத்தில் வருவதாகப் பாருங்கள், கையில் பிசுக்கு ஒட்டினால் மட்டை வழுக்கும். சட்டை வாங்கலாம், ஆனால் காலர் வைத்தது. கோல்ஃப் மைதானங்களில் காலர் இல்லாத பனியனும் ஜீன்ஸும் ஆகாது. ஷூ மட்டும் வேண்டாம். பதினெட்டுக் குழி நடந்து முடிக்க எட்டு கிலோமீட்டருக்குக் குறையாது. கால் வைத்துப் பார்க்காமல் வாங்கிய ஷூவில் அவ்வளவு தூரம் யாரும் நடக்க வேண்டாம்.

கொஞ்சம் ரகசியமாக வேலை செய்யத் தயார் என்றால், கையுறைக்கு அடுத்து நான் சொல்வது கிரிப் மாற்றுவதைத்தான். மட்டையின் கைப்பிடி ரப்பர் நம் ஊர் வெயிலிலும் வியர்வையிலும் இறுகிப் பளபளத்துவிடும். ஆடுகிறவருக்கு அது தெரியாது, ஏனென்றால் நாள் நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வழுக்குகிறது. இன்னும் இறுக்கிப் பிடிப்பார், முழங்கை வலிக்கும், வயதாகிறது என்று நினைத்துக்கொள்வார். விரல் மூட்டு வலி இருந்தால் ஒரு சுற்றுத் தடிமனான கிரிப் போடலாம், பிடிக்க இதமாக இருக்கும். ஐயாயிரத்துக்கு 14 மட்டைக்கும் வராது, அதிகம் எடுக்கும் ஐந்தாறுக்கு வரும். ஆனால் பை ஒரு நாள் வீட்டில் இல்லாமல் போனால் அவருக்கு உயிரே போய்விடும். உறவுக்காரர் கல்யாணத்துக்கு வெளியூர் போகும் நாளாகப் பார்த்து எடுத்துப் போங்கள். அம்மா உடந்தையாக இல்லாமல் இது நடக்காது.

வீட்டில் பழகுவதற்கு பட்டிங் பாய் வாங்கலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். பட்டிங் என்பது கிரீனில், கடைசியில், பந்தைக் குழிக்குள் தள்ளுவது. 72 பார் மைதானத்தில், அதாவது 72 அடியில் ஆட்டத்தை முடிக்க வேண்டும் என்று கணக்கு வைத்த மைதானத்தில், 36 அடி அதற்குத்தான், குழிக்கு இரண்டு வீதம். டோக்கியோ ஒலிம்பிக்ஸில் நம் கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக் நான்காவது இடம் வந்தபோது விடியற்காலையில் எழுந்து டிவி பார்த்தோமே, அவர் மற்றவர்களைப் போல நீளமாக அடிப்பவர் இல்லை, பட்டிங்கில்தான் அத்தனை பேரையும் மிரட்டினார். அதனால் அந்தப் பழக்கம் உசத்திதான். ஆனால் பாய் அவசியமில்லை. காபி டம்ளரைத் தரையில் படுக்க வைத்தால் போதும். அதன் வாய் உண்மைக் குழியைவிடக் குறுகல் (குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர்). அதில் போடப் பழகியவருக்கு மைதானத்துக் குழி கிணறு மாதிரி தெரியும். பாய் வாங்கினால் ஹாலில் எட்டடி இடத்தை அடைத்துக்கொள்ளும், மார்கழியில் கோலமாவு டப்பாவோடு வரும் அம்மா கால் இடறுவாள்.

லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் பற்றி அண்ணன் கேட்கலாம். குழியில் நட்ட கொடி எத்தனை கெஜம் தள்ளி இருக்கிறது என்று காட்டும் கருவி. 2019 முதல் விதிகளும் அனுமதிக்கின்றன. போட்டியில் மட்டும் மேடு பள்ளத்தைக் கணக்கிடும் வசதியை அணைத்துவிட வேண்டும். நல்ல பொருள்தான். ஆனால் தினம் ஆடும் மைதானத்தில் எதற்கு? கூட நடந்துவரும் கேடி பந்து விழுந்த இடத்தைப் பார்த்தே "நூத்தி இருபது சார், காத்து எதிர்ல இருக்கு, இன்னும் தூரம் போற மட்டையா எடுங்க" என்பார். லேசருக்குக் காற்று தெரியாது.

கேடியைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன், இது நீங்கள் கேட்காதது. அப்பாவின் பையைத் தூக்கிக்கொண்டு வாரத்தில் பாதி நாள் நடப்பவர் அவர். புதரில் பந்தைத் தேடி எடுப்பவர், அப்பா ஒன்பது அடி அடித்துவிட்டு ஆறு என்று குறைத்து எழுதும்போது பார்க்காதவர் போல நிற்பவர். பொங்கலுக்கு அவருக்கு வேட்டி சட்டையோ பணமோ அப்பா கையால் கொடுக்கச் சொல்லுங்கள். உங்கள் ஐயாயிரத்தில் ஆயிரத்தை இதற்கு ஒதுக்கினாலும் தப்பில்லை. அப்பாவின் கிரிப் தேய்ந்திருக்கிறதா, எந்தப் பந்து அவருக்குச் சரிவருகிறது என்று உங்கள் வீட்டில் யாரையும்விட கேடிக்குத்தான் தெரியும். முடிந்தால் போனில் பிடித்துக் கேட்டுவிடுங்கள்.

வேண்டாதவை: காபிக் கோப்பை, டை பின், கழிப்பறை செட். இவை கோல்ஃப் ஆடாதவர்கள் ஆடுகிறவர்களுக்காகக் கற்பனை செய்தவை. பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டி ரசீதைப் பரிசாக நீட்டாதீர்கள். உன் ஆட்டம் சகிக்கவில்லை என்று மகள் சொன்னதாகத்தான் 63 வயதுக்காரர் எடுத்துக்கொள்வார். அவரே கேட்டால் கட்டுங்கள். கடையை நேரில் பார்த்து வாங்குங்கள். பாதி விலைக்குப் பிரபல பெயர்ப் பந்தும் மட்டையும் விற்கும் ஆன்லைன் விளம்பரங்களில் போலி நிறைய. பில்லைக் கிழிக்காதீர்கள், கையுறை அளவு மாற்ற வேண்டி வரும்.

கடைசியாக அண்ணனின் அறுநூறு டாலர். அதைக் கொடைக்கானலில் செலவழிக்கச் சொல்லுங்கள். அங்கே கோல்ஃப் கிளப் 1895-இல் தொடங்கியது. ஏறக்குறைய ஏழாயிரம் அடி உயரம், காற்று மெலிந்திருப்பதால் அப்பா அடிக்கும் பந்து நந்தனத்தில் போவதைவிடக் கூடுதலாகவே பறக்கும். அது காற்றின் வேலை என்று யாரும் அவரிடம் சொல்ல வேண்டாம். சில நாள் காட்டெருமைகள் மேய வந்து நிற்கும், அவை நகரும்வரை ஆட்டம் நிற்கும். அண்ணனுக்கு ஆடத் தெரியாவிட்டால் என்ன, கூட நடக்கட்டும். வெளியாட்கள் ஆட முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும், பொங்கல் விடுமுறையில் மலையில் கூட்டம் தாங்காது என்பதால் தேதியைப் பொங்கலுக்கு முந்தைய வாரமாக வைத்துக்கொள்ளுங்கள். பையைக் காரில் கொண்டுபோவது நல்லது. விமானத்தில் போனால் மட்டைகளைக் கைப்பையாக ஏற்ற விடமாட்டார்கள்.

அண்ணனுக்கு அனுப்ப ஒரு செய்தி எழுதித் தருகிறேன். அளவை மட்டும் பையைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்:

"அண்ணா, டிரைவர் வாங்காதே. அப்பாவோட அளவு நமக்குத் தெரியாது, அவரே பாத்து வாங்கிப்பார். அதுக்குப் பதிலா ரெண்டு அடுக்குப் பந்து மூணு டஜன், ஆரஞ்சு கலர். ரெண்டு கிலோகூட வராது. மழை கிளவுஸ் ஒரு ஜோடி, மீடியம் லார்ஜ். பொங்கலுக்கு முந்தின வாரம் நாலு நாள் யாருக்கும் டைம் குடுக்காதே, நீயும் அப்பாவும் கொடைக்கானல் போறீங்க, ரூம் நான் பாத்துக்கறேன். அப்பாகிட்ட மூச்சு விடாதே. அம்மாவுக்கு வழக்கம்போல பாதாம், போன தடவை மாதிரி உப்பு போட்டது வேண்டாமாம்."